தரையில் ஓடும் ஜகாஜ்

மணி,

நல்லா இருக்கியா, வேளைக்குச் சாப்பிடுறியா, அட்டை கடித்த கால் ஆறிவிட்டதா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அதையெல்லாம் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன். முதலில் உன்னோடு ஒரு வழக்குப் பேச வேண்டியிருக்கிறது. உன் கடிதத்தை நானும் செல்வியும் சேர்ந்து படித்தோம். உன் அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து தனியாக இன்னொரு தரம் படித்தார். ஹட் பேயில் பாமாயில் தோட்டத்து ஆபீஸில் உனக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்கள் என்றதில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் உன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் அங்கே கூட்டிக்கொள்ளப் போவதில்லை, அடுத்த மெயின்லாண்டு கப்பலில் ஏற்றி மெட்ராஸில் செல்வியின் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், பாபு பள்ளிக்கூடம் போகிற வயசு வரைக்கும் அங்கேயே இருக்கட்டும், நான் வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஹட் பேயில் நர்சரி இல்லை, படப் புஸ்தகம் இல்லை, மூளை வளர்கிற பொம்மை இல்லை, சின்ன வயசில் கொடுப்பதுதான் பிள்ளைக்கு நிற்கும் என்று எங்கேயோ படித்தாயாம். ‘காட்டுல வச்சு வளத்தா மக்காப் போயிருவாம்மா’ என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. இதே வார்த்தையை இதே தீவில் உன்னைப் பற்றி ஒருத்தர் சொல்லக் கேட்டவள் நான்.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால், நீ லீவு முடிந்து வந்த சிநேகிதனிடம் சொல்லி மெட்ராஸிலிருந்து வரவழைத்த பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல பெட்டிதான். கம்பத்தில் கோர்க்கிற கலர் வளையங்கள், ஓட்டைக்குள் போடுகிற வட்டம், சதுரம், முக்கோணம், கெட்டி அட்டையில் ஏபிசிடி. மூடியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது. உன் மகன் முதலில் அந்தக் குழந்தையைத்தான் பார்த்தான். தன் கையிலிருந்த முறுக்கைப் பாதி ஒடித்து அதன் வாயில் வைத்தான். அது தின்னவில்லை என்றதும் அதோடு அவன் சகவாசம் முடிந்துபோயிற்று. அப்புறம் வளையங்களை எடுத்துக் கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. ‘அப்படி இல்லலே, பெரிசு கீழ, சின்னது மேல’ என்று கம்பத்தை இழுத்துக்கொண்டு போனேன். செல்வி என் கையைப் பிடித்து, ‘கொஞ்சம் பொறுங்க அத்தை, அவனே பாத்துக்கிடுவான்’ என்றாள். ஜங்லிகாட் வீட்டு நடையில் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். பெரிய வளையம் அவன் கையில் நிற்காமல் நழுவி விழுந்தது. சின்னது மாட்டிக்கொண்டு வர மறுத்தது. அதை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு எழுந்து தத்தித் தத்திப் போய்ப் பெரிய வளையத்தை உன் அப்பா கையில் மாட்டினான், அதற்கு அடுத்ததை எனக்கு, அதற்கும் சின்னதைச் செல்விக்கு. பச்சை வளையத்தை மட்டும் தாத்தாவின் சுண்டுவிரலில் போட்டுவிட்டு, வேலை முடிந்ததுபோல் கையைத் தட்டிக்கொண்டான். ‘இதுதானே அத்தை பெரிசு சின்னது’ என்றாள் செல்வி. நான் கம்பத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். உன் அம்மா வாயை அடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

பெண்டாட்டி பெருமையை உனக்கே எழுதுகிறேன் என்று நினைக்காதே. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், நீ பார்க்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அவள் காலி பால்பவுடர் டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து, இரண்டில் அரிசி, இரண்டில் புளியங்கொட்டை, இரண்டில் மணல் போட்டு, மூடியைத் துணியால் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிவிட்டாள். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். பாபு ஒன்றை எடுத்துக் காதுப் பக்கம் வைத்து ஆட்டுவான், தலையைச் சாய்ப்பான், மற்றதை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பான், அதே சத்தம் வந்ததும் இரண்டையும் கொண்டுவந்து அவள் மடியில் போடுவான். மணல் டப்பாவுக்கு மட்டும் வாயால் ‘ஷ்ஷ்’ என்பான், கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக் கல்லில் அலை அடிக்கிற மாதிரி. இதை எங்கே படித்தாய் என்று கேட்டேன். ‘எங்கயும் படிக்கல அத்தை, நான் சமைக்கும்போது டப்பாவெல்லாம் உருட்டினான், அரிசி டப்பான்னா மட்டும் திரும்பி என்னப் பாத்தான், சரி, காது நல்லா இருக்கு, அதுக்குத் தீனி போடுவோம்னு தோணுச்சு’ என்றாள். பிள்ளை எதைத் திரும்பிப் பார்க்கிறான் என்று கவனிக்கிற தாய் கிடைப்பதற்கு அவன் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நீயும்தான்.

நீ வாங்கி வைத்துவிட்டுப் போன டிரான்சிஸ்டரைப் பற்றியும் கேட்டிருந்தாய். எப்போதும் பாடவிடுங்கள், இங்கிலீஷும் ஹிந்தியும் காதில் விழட்டும் என்றாய். ஒரு வாரம் பாடவிட்டோம். பாபு அதன் முன்னால் நின்று ஏதோ சொல்வான், பதிலுக்கு நிற்பான், அது பாட்டுக்கு அது பேசிக்கொண்டே இருக்கும். செல்வி ஒருநாள் அதை அணைத்துவிட்டாள். ‘பதில் சொல்லாத ஆளோட பிள்ளை எவ்வளவு நேரம்தான் பேசுவான்’ என்றாள். இப்போது கப்பல் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று சொல்கிற நேரத்துக்கு மட்டும் போடுகிறோம். ஹிந்தியில் கப்பலுக்குச் சொல்கிற ஜகாஜ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவன் போய்ச் செருப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அதற்கு என்ன அர்த்தம் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது உன் கதை. உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கும் பாபு வயசுதான். நாம் பாம்பூஃப்ளாட்டில் இருந்தோம், உன் அப்பா ஃபெர்ரி ஏறி சாத்தம் மரமில்லுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஒரே முற்றத்தைச் சுற்றி வீடுகள். ஒரு பக்கம் பௌதி என்று நாம் கூப்பிட்ட பெங்காலி அண்ணி, ஒரு பக்கம் தெலுங்கு அக்கா, எதிரே இந்தத் தீவிலேயே பிறந்த ஹிந்தி பேசுகிற சாச்சா, நடுவில் நாம். நீ காலையில் ஒரு வீட்டில் தின்பாய், மத்தியானம் ஒரு வீட்டில் தூங்குவாய். அந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டையிலிருந்து உன் பெரியப்பா கப்பலில் வந்தார். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், நல்ல மனுஷர், பிள்ளை இல்லாதவர். உனக்கு ஒரு படப் புஸ்தகம் கொண்டுவந்திருந்தார். அவர் வந்த விஷயம் புஸ்தகம் கொடுப்பதற்கு மட்டும் இல்லை. ‘இந்தத் தீவுல என்ன இருக்கு, காடும் கடலும். பிள்ளைய என்கூட அனுப்பு தம்பி, படிக்க வைக்கிறேன்’ என்று உன் அப்பாவிடம் கேட்டார். உன் அப்பா முடியாது என்று சொல்லவில்லை. அவருக்கும் அந்த ஆசை இருந்தது. உனக்கு நல்லது என்றால் நான் யார் தடுக்க என்று நானும் பேசாமல் இருந்தேன். ஆனால் அந்தச் சில நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல் திரும்பும்போது என் பிள்ளையும் போய்விடும் என்ற நினைப்பு ஒரு கல் மாதிரி நெஞ்சில் கிடந்தது.

பிள்ளை ஊருக்குப் போனால் பேர் வாங்க வேண்டாமா என்று நான் அந்தப் படப் புஸ்தகத்தை வைத்து உனக்குப் பாடம் நடத்தினேன். ரயில் படம் வந்தது. பாம்பூஃப்ளாட்டில் பிறந்தவனுக்கு ரயிலை எப்படிச் சொல்லுவது? தண்டவாளத்தைக் கண்டானா, ஸ்டேஷனைக் கண்டானா? ‘இது தரையில ஓடுற ஜகாஜ்லே, ஆளெல்லாம் ஏறுவாங்க, கூன்னு ஊதும், புகை விடும்’ என்று சொல்லி வைத்தேன். மறுநாள் பெரியப்பா படத்தைக் காட்டி ‘இது என்ன’ என்று கேட்டார். நீ சந்தோஷமாக ‘ஜகாஜ்’ என்றாய். சிங்கத்தைக் காட்டினார். ‘குத்தா’ என்றாய். பிடரி வைத்த நாய் என்று நினைத்தாயோ என்னவோ. பெரியப்பா புஸ்தகத்தை மூடினார். ‘நாலு பாஷையையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டி வச்சிருக்கீங்க. இப்படியே விட்டா பிள்ளை மக்காப் போயிருவான்’ என்றார். நான் உன்னை முறைத்தேன். சொல்லிக் கொடுத்தவள் நான், சொன்னபடி சொன்னவன் நீ, முறைப்பு மட்டும் உனக்கு! இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

நீ அழவும் இல்லை, கண்டுகொள்ளவும் இல்லை. முற்றத்தில் போய் உன் சாமானைப் பரப்பினாய். உன் அப்பா மில்லில் விறகுக்குக் கழித்த துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து, உப்புத்தாள் போட்டு முனையெல்லாம் மழுக்கிக் கொடுத்திருந்தார். படாக் மரத்துத் துண்டு சிவப்பு, சுக்ளம் வெள்ளை, கர்ஜன் பழுப்பு. நீளமான சிவப்புக் கட்டைதான் உனக்கு ஃபெர்ரி. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் சங்கும்தான் ஜனங்கள். பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ ஒரு புள்ளிச் சோழியை எடுத்து ‘எஷோ’ என்று கூப்பிட்டு ஃபெர்ரியில் வைத்தாய். கூர்ச் சங்கை எடுத்து ‘ரா’ என்றாய். பெரிய முத்துச்சிப்பியை எடுத்து ‘ஆஜா’ என்றாய். சின்ன வெள்ளைச் சிப்பிக்கு ‘வா’ என்றாய். பௌதி உன்னை எப்படிக் கூப்பிடுவாளோ அது சோழிக்கு, தெலுங்கு அக்கா கூப்பிடுவது சங்குக்கு, சாச்சா கூப்பிடுவது முத்துச்சிப்பிக்கு, நான் கூப்பிடுவது வெள்ளைக்கு. எனக்குப் புரிவதற்கு முன்னால் பெரியப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேட்டியோடு தரையில் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் அள்ளிக் கலைத்துப் போட்டு, ஒரு சங்கை எடுத்து நீட்டினார். நீ ‘ரா’ என்றாய். சோழியை நீட்டினார். ‘எஷோ’. மாற்றி மாற்றி நீட்டினார், நீ ஒரு தடவை கூடத் தடுமாறவில்லை. கடைசியில் நீயாகவே ஒரு புதுச் சிப்பியைத் தேடி எடுத்தாய், வெள்ளைதான், ஆனால் பெரிசு. அவர் முகத்தைப் பார்த்தாய், ‘வா’ என்று சொல்லி ஃபெர்ரியில் என் சிப்பிக்குப் பக்கத்தில் வைத்தாய். வந்து இரண்டு வாரம்கூட ஆகாத மனுஷரை எந்த வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் உன் அப்பா வந்ததும் பெரியப்பாவே நடந்ததைச் சொன்னார். உன் அப்பா கால் கழுவிவிட்டு வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு கேட்டார், ‘அண்ணே, அங்க இவன் யார எஷோன்னு கூப்பிடுவான்?’ கப்பல் திரும்பியபோது பெரியப்பா தனியாகத்தான் போனார். போகும்போது உன்னிடம் கேட்டு ஒரு சின்னச் சிவப்புக் கட்டையை வாங்கிக்கொண்டு போனார், பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டும் என்று. அப்புறம் எழுதினார்: ‘கடலையே பார்க்காத என் வகுப்புப் பிள்ளைகளிடம் கப்பல் படத்தைக் காட்டினேன். ஒருத்தன் எழுந்து, சார், அது தண்ணியில ஓடுற ரயில் என்றான். அவனை நான் மக்கு என்று சொல்லவில்லை, தட்டிக்கொடுத்தேன்.’ சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் பார். உனக்கும் அந்த ரத்தம்தான் ஓடுகிறது என்று நம்பித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உன் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஹட் பேயில் மழை அதிகம், காய்ச்சல் வரும், தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் கொடுக்கக் கூடாது, கொசுவலை இல்லாமல் படுக்க வைக்கக் கூடாது. பயப்பட வேண்டியதற்குப் பயப்படு. ஆனால் பொம்மை இல்லை என்று பயப்படாதே. யானை மரம் இழுக்கிற ஊரில் இருந்துகொண்டு, யானைப் படம் பார்க்கப் பிள்ளையை மெட்ராஸுக்கு அனுப்புகிறவனை என்னவென்று சொல்ல? நீ ஆசையாகப் பெட்டி வாங்கி அனுப்பினாயே, அதில் எனக்குக் குறை இல்லை. பிள்ளைக்கு எதுவும் குறைந்துவிடக் கூடாது என்று நினைக்கிற அப்பன் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ஒன்றுதான் உனக்குத் தெரியவில்லை. செருப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்று சொன்னேனே, அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நீ ஹட் பே கப்பல் ஏறின அன்றைக்கு செல்வி அவனைத் தூக்கிப் பிடித்து, ‘அப்பா பாரு, அப்பா போறாங்க, டாட்டா சொல்லு’ என்று காட்டினாள். நீ மேல்தளத்தில் நின்றாய், எங்களுக்கே நீ சரியாகத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது கப்பல்தான். அதற்குப் பிறகு சாயங்காலம் ஜெட்டிக்குக் கூட்டிப் போகும்போதெல்லாம், கப்பல் நின்றால் கையை நீட்டி ‘அப்பா’ என்கிறான். பாம்பூஃப்ளாட் ஃபெர்ரி போனால் ‘அப்பா’. கடைக்காரர் கொடுத்த காலண்டரில் கப்பல் படம், அதைத் தொட்டு ‘அப்பா’. ஜகாஜ் என்றதும் செருப்பைத் தூக்கிக்கொண்டு வருவது அப்பாவைப் பார்க்கப் போகத்தான். உன் போட்டோவைக் காட்டினால் சும்மா பார்க்கிறான். முதலில் நாங்கள் சிரித்தோம். அப்பனைப் போலத்தான் பிள்ளையும், அவன் ரயிலை ஜகாஜ் என்றான், இவன் ஜகாஜை அப்பா என்கிறான் என்று உன் அப்பா கேலி பண்ணினார். செல்வியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். உன் கடிதம் வந்த அன்று சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ‘அத்தை, ரயிலைப் பாக்காத பிள்ளை ரயிலை ஜகாஜுன்னு சொன்னா, ஒருநாள் ரயிலைக் காட்டிச் சரிபண்ணிரலாம். இவன் அப்பாவப் பாக்காம ஜகாஜை அப்பாங்கிறான். இத நான் எந்தப் பொம்மையைக் கொடுத்துச் சரிபண்ண?’ என்று கேட்டாள். அழவில்லை. கேட்டுவிட்டு எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

முடிவு எடுத்தவள் அவள்தான். நாங்கள் தூண்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. உன் அப்பா போய் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து வந்தார், மெட்ராஸுக்கு இல்லை, ஹட் பேக்கு. இந்தக் கடிதத்தில் ஸ்டாம்பு இல்லை என்பதை நீ கவனித்திருப்பாய். அம்மா பார்சல் அனுப்புகிறாள், ஜெட்டிக்கு வந்து வாங்கிக்கொள் என்று உனக்குச் சொல்லி அனுப்பினதும் நான்தான். கடிதத்தை ஜெட்டியில் கொடுக்காதே, வீடு போய்ச் சேர்ந்து, பிள்ளைக்குச் சோறு கொடுத்தபிறகு கொடு என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். ஆகவே நீ இதைப் படிக்கும்போது, அவன் உன் குவார்ட்டர்ஸில் டப்பாவை உருட்டிக்கொண்டிருப்பான். உன் பெட்டியும் வந்திருக்கும், பச்சை வளையம் மட்டும் இருக்காது, அதை உன் அப்பா கழற்றித் தரமாட்டேன் என்றுவிட்டார். கால் ஆறிவிட்டதா என்று செல்வி பார்த்து எழுதட்டும், உன் வார்த்தையை நான் நம்பமாட்டேன்.

ஜெட்டியில் என்ன நடந்திருக்கும் என்று இங்கிருந்தே என்னால் சொல்ல முடியும். நீ கையை நீட்டியிருப்பாய், அவன் உன்னிடம் வராமல் செல்வி கழுத்தைக் கட்டிக்கொண்டு, கப்பலைத் திரும்பிப் பார்த்து ‘அப்பா’ என்றிருப்பான். அவன்மேல் வருத்தப்படாதே, செல்வியைக் கடிந்துகொள்ளாதே. தரையில் உட்கார்ந்து கையை விரித்து வை, அவன் கையில் உன் பழைய ஃபெர்ரி, அந்த நீளச் சிவப்புக் கட்டை இருக்கும், அவனாகக் கொடுத்தால் வாங்கிக்கொள், கேட்காதே. நாளைக்கு அந்தக் கப்பல் திரும்புகிற நேரத்துக்கு அவனை ஜெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போ. இறக்கிவிட்டுப் பக்கத்தில் நில். கப்பல் ஊதிக்கொண்டு கிளம்பும், அவன் ‘அப்பா, அப்பா’ என்று கூப்பிடுவான். கூப்பிடட்டும். அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நீ நகராதே, எதுவும் சொல்லிக்கொடுக்காதே. கப்பல் போனபிறகு அவன் திரும்பிப் பார்ப்பான். நீ அங்கேயே இருப்பாய்.

உன் அம்மா